நடுத்தரமான கையும் ஆறு பேரும்

1

சனிக்கிழமை மதியங்களில் நான் சீட்டாடப் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நெய்வேலியில் இதைப் படிக்கும் என் பள்ளித் தோழிகளில் இரண்டு பேராவது “நம்ம செல்வியா?” என்று வாயைப் பிளப்பார்கள். ஆமாம், அதே செல்விதான். வயது ஐம்பது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. வாரம் ஐந்து நாள் ஊரார் கையில் ஊசி குத்துகிறேன், ஆறாம் நாள் சீட்டுக் குலுக்குகிறேன்.

போன சனிக்கிழமையோடு நான் அமெரிக்கா வந்து இருபத்து நாலு வருஷம் ஆயிற்று. அதற்காக வீட்டுக்காரர் ஒரு கேக் வாங்கி வந்தார். கிழக்குக் கரையில் கல்லூரியில் படிக்கும் மகள் யாழினி அலைபேசியில் ஓர் இதயப் படம் அனுப்பினாள். அதற்கு மேல் வார்த்தை எதுவும் இல்லை. கேக்கில் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு நான் வழக்கம்போல் கிளம்பிவிட்டேன். அன்று தோற்ற ஓர் ஆட்டத்தையும், மறுநாள் வந்த ஒரு போனையும், அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பட்ட பாட்டையும் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

சீட்டாடும் இடம் சியாட்டிலுக்குத் தெற்கே, டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. சூதாட்ட விடுதி என்றதும் நீங்கள் நினைக்கிற பளபளப்பு எதுவும் கிடையாது. கறை படிந்த கம்பளம், நாலு மேஜை, ஒரு மூலையில் இலவச சூப். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். என் பெயரை அவர்கள் ஷெல்லி ஆக்கிவிட்டார்கள். முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன். இப்போது காத்திருப்போர் பலகையில் நானே ஷெல்லி என்றுதான் எழுதுகிறேன். ஜெயித்தால் ஒரு நல்ல சாப்பாடு, தோற்றால் அதே விலைக்கு ஒரு பாடம். வீட்டுக்காரர் இதை ஒரு வியாதியாகப் பார்க்கவில்லை, என் முழங்கால் வலியைப் போல உடன் வாழும் விஷயமாகப் பார்க்கிறார்.

ஆட்டம் போக்கர்தான், சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என்று ஐந்து சீட்டு விரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைச் சேர்த்துப் பார்த்து யாருடையது பெரியதோ அவருக்கு நடுவில் இருப்பது எல்லாம். சினிமாவில் வருகிற மாதிரி இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்டுவது எங்கள் மேஜையில் நடக்காது. எங்களுடையது லிமிட் ஆட்டம். முன்பாதியில் நாலு டாலர், பின்பாதியில் எட்டு டாலர். ஏற்றினாலும் அந்த அளவில்தான் ஏற்ற முடியும். அதனால் யாருக்கும் பயம் கிடையாது. பயம் இல்லாத மேஜையில் யாரும் லேசில் விலக மாட்டார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்தால் ஆறு பேர் நடுச்சீட்டைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

நல்ல சீட்டு வந்தால் யாருக்கும் ஆடத் தெரியும். குப்பை வந்தால் கவிழ்த்துவிட்டு சூப் குடிக்கலாம். கஷ்டமெல்லாம் நடுத்தரமான கையில்தான். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அது போதும், தைரியமாக ஆடலாம். ஆறு பேர் இருந்தால், இப்போது உங்களுடையதே பெரியதாக இருந்தாலும், கடைசிச் சீட்டு விழுவதற்குள் யாராவது ஒருவருக்கு அதைவிடப் பெரியது வந்துவிடும். தூக்கிப் போடவும் மனசு வராது, நம்பி ஆடவும் முடியாது.

2

அன்று என் கையில் ராஜாவும் பத்தும் வந்தன. நடுவில் பத்து, ஏழு, மூன்று விழுந்தது. ஆக என்னிடம் ஒரு ஜோடி பத்து, துணைக்கு ஒரு ராஜா. அந்த நேரத்துக்கு அநேகமாக என்னுடையதுதான் பெரிய கை. ஆனால் ஆறு பேர் உள்ளே இருந்தோம்.

எனக்கு வலப்பக்கம் டோரிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் நாலு டாலர் கட்டினார். அடுத்தது என் முறை. எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் முடிவு சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். டோரிஸின் நாலை எட்டாக ஏற்ற வேண்டும். என் கை பெரிது என்று காட்டுவதற்கு இல்லை. பின்னால் இருக்கும் நாலு பேரும் நாலு டாலருக்கு உள்ளே வந்துவிடுவார்கள், ஒரேயடியாக எட்டு என்றால் யோசிப்பார்கள். அரைகுறைச் சீட்டு வைத்திருப்பவர்கள் போய்விடுவார்கள். ஆறு பேர் ஆட்டம் இரண்டு மூன்று பேர் ஆட்டமாகச் சுருங்கும். நடுத்தரமான கைக்கு அங்கேதான் மதிப்பு. பின்னால் யாராவது பதிலுக்கு ஏற்றினால் அப்போது தூக்கிப் போட்டுவிடலாம். ஏற்று அல்லது போடு. பேசாமல் கூடவே கட்டிக்கொண்டு போவது மட்டும் கூடாது.

நான் பேசாமல் நாலு டாலரைக் கட்டினேன்.

பின்னால் இருந்த நாலு பேரில் மூன்று பேர் கட்டினார்கள். அடுத்த சீட்டு ஆறு. டோரிஸ் எட்டு கட்டினார், நானும் கட்டினேன், கோடியில் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர் ஒருவரும் கட்டினார். கடைசிச் சீட்டு ஆஸ். டோரிஸ் மேஜையைத் தட்டிச் சும்மா விட்டார், நானும் விட்டேன். தொப்பிக்காரர் எட்டைத் தள்ளினார். டோரிஸ் போட்டுவிட்டார். எனக்கு அப்போதே தெரியும், இருந்தாலும் கட்டினேன். அவர் ஓர் ஆஸையும் ஒரு மூன்றையும் விரித்தார். மூன்றில் ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவருக்குக் கடைசியில் ஆஸும் ஜோடியாகிவிட்டது.

மனுஷர் நல்லவர். ஜெயித்த பந்தயச் சில்லுகளை அடுக்கிக்கொண்டே, முதலில் நீ ஏற்றியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன், உனக்கு என்ன ஆயிற்று என்று அக்கறையோடு கேட்டார். டோரிஸும் தன் சீட்டைக் காட்டினார். அவருக்கும் பத்து ஜோடிதான், துணை ஜாக்கி. என்னைவிடச் சின்னது. அதாவது அந்த ஆட்டம் எனக்கு வந்திருக்க வேண்டியது. வழிநெடுக என்னை நானே திட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

3

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அந்தத் தொப்பிக்காரருக்கு நெய்வேலி இருபத்தேழாம் பிளாக்கைப் பற்றி எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் பெண்கள் ரம்மி ஆடுவார்கள். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். மாதத்தில் பாதி நாள் அவருக்கும் மற்ற வீட்டு ஆண்களுக்கும் ஷிப்ட் ஒத்துப்போகும். முதல் ஷிப்டுக்கு அவர்கள் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், சமையலும் முடிந்துவிட்டால் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் கூடிவிடுவார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர், பாலக்காட்டுக்காரர் ஒருவர், நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கு அம்மா ஒருவர், மற்றவர்கள் எங்களைப் போல அந்த வட்டாரத்தவர்கள். ஆளுக்கு ஒரு தமிழ் பேசுவார்கள். புளியங்கொட்டைதான் பந்தயம்.

ரம்மி தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: கை மோசம் என்றால் ஆரம்பத்திலேயே ட்ராப் சொல்லி இருபது பாயின்டோடு விலகிவிடலாம். விலகாமல் ஆடி மாட்டிக்கொண்டால் எண்பது. எந்தக் கணக்கிலும் ட்ராப்தான் புத்திசாலித்தனம். ஆனால் எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் இருந்தது. யார் முதலில் ட்ராப் சொல்கிறாரோ அவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

மே மாத மதியத்தில், கரித்தூளுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தி வைத்த சமையலறையில் ஆறு டம்ளர் டீ போடுவது என்றால் சும்மா இல்லை. அதுவும் காலையிலிருந்து அதே அடுப்பில் வெந்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று வந்தவர்கள் அவர்கள். அதனால் எண்பது கொட்டையைக் கொடுத்தாலும் கொடுப்பார்களே தவிர, ஒருத்தரும் ட்ராப் சொல்ல மாட்டார்கள். ஒட்டாத பதின்மூன்று சீட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் சீட்டை வீசிவிட்டு எழுந்து ஓடுவார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கூடத்தில் டீ குடித்தவர் யாரும் இல்லை.

ஆறாவது ஆள் வராத நாளில் லீவில் இருக்கும் என்னை உட்காரவைப்பார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட ஆட்டம்தான் இன்னும் உடம்பில் இருக்கிறது. போட்டுவிட்டு எழுந்தால் யாரோ அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குள் இருக்கும் ஒருத்தி இன்னமும் பயப்படுகிறாள். ஏற்றுவது என்ற ஒன்றோ ரம்மியில் கிடையவே கிடையாது. ஆக எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசிவரை உட்கார்ந்திருப்பது.

4

மறுநாள் ஞாயிறு காலை, ஊரில் இரவு, தம்பி குமாரிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக அம்மாதான் பேசுவாள். அவன் பின்னால் நின்று தலையைக் காட்டிவிட்டுப் போவான். அன்று அவனே கூப்பிட்டான், அதுவும் தெருவில் நின்றுகொண்டு.

குமாருக்கு நாற்பத்தாறு வயது. சுரங்கத்திலிருந்து கரி ஏறி வருகிற பெரிய ரப்பர் பெல்ட்டுகள் அறுந்தால் ஒட்டுகிற வேலை. கான்ட்ராக்ட். பத்தொன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். பெல்ட்டை அடுக்கடுக்காகச் சீவி, பசை தடவி, சூடேற்றி ஒட்டி, ஒட்டின இடம் தெரியாமல் செய்வதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பெர்மனென்ட் ஆவதற்கு ஒரு லிஸ்ட் உண்டு. அதில் அவன் பெயர் நடுவில் இருக்கிறது. முன்னால் நிறையப் பேர், பின்னாலும் நிறையப் பேர். கொஞ்சம் கொஞ்சமாக அது நகர்கிறது என்பதும் உண்மை. நகராமலே இருந்திருந்தால் அவன் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பான்.

கல்யாணமும் அந்த லிஸ்ட்டோடு போயிற்று. நெல்லிக்குப்பத்தில் ஒரு இடம், திருவதிகையில் ஒரு இடம், இரண்டும் நல்ல குடும்பங்கள். பையன் கான்ட்ராக்ட்டா, பெர்மனென்ட் ஆகட்டும் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டிலும் அதையே சொன்னோம். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்தப் பெண்களுக்கு இப்போது கல்லூரி போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே மூன்று சென்ட்டில் கட்டிய வீட்டில் ஆறு வருஷம் இருந்து காலமானார். இப்போது அங்கே அம்மாவும் அவனும்.

விஷயம் இதுதான். அவனுடைய பழைய சூப்பர்வைசர் ஒருவர் ஒடிஷாவில் ஒரு துறைமுகத்தில் பெல்ட் ஒட்டும் வேலையை எடுத்துச் செய்கிறார். ஃபோர்மேனாக வா, பன்னிரண்டு பேர் உன் கீழே இருப்பார்கள் என்று நாலு மாசமாகக் கூப்பிடுகிறார். இவன் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்திருக்கிறான். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று அவர் சொல்லிவிட்டார். போனால் லிஸ்ட்டில் பெயர் போய்விடும். போகாவிட்டால் இதே மாதிரி இன்னொரு அழைப்பு நாற்பத்தாறு வயதில் வரப்போவதில்லை.

என்னடா செய்யப் போறே என்று கேட்டேன். தெரியலக்கா, பாக்கலாம் என்றான். முந்தைய நாள் தோற்ற எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தப் ‘பாக்கலாம்’ என்னைக் கிளப்பிவிட்டது.

5

அரை மணி நேரம் அவனுக்குப் பாடம் நடத்தினேன். ராஜா, பத்து, டோரிஸ், தொப்பிக்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கை நடுத்தரமான கை, கூட்டமோ பெரிது, இந்த மாதிரி நேரத்தில் கூடவே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஆட்டம் என்றேன். ஒன்று, நாளைக்கே கான்ட்ராக்டரிடம் போய் எனக்கு இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கிறது, இங்கேயே ஃபோர்மேன் ஆக்குங்கள் என்று நேராகக் கேள். அது ஏற்றுவது. இல்லை, லிஸ்ட்டை மறந்துவிட்டு ஒடிஷாவுக்கு ரயில் ஏறு. அது போடுவது. இரண்டில் எதைச் செய்தாலும் சரி. பத்தொன்பது வருஷமாக நீ மூன்றாவதைச் செய்துகொண்டிருக்கிறாய் என்றேன். பேசப் பேச எனக்கே என் பேச்சு பிடித்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

 எல்லாம் முடிந்த பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

“உன் ஆட்டத்துல சீட்டைப் போட்டுட்டவன் அதுக்கப்புறம் என்னாக்கா பண்ணுவான்?”

“சும்மா உக்காந்திருப்பான். அடுத்த ஆட்டம் வர்ற வரைக்கும்.”

“இங்க அப்படி இல்லக்கா. இங்க ஒருத்தர் எழுந்து போய்ட்டா, அவங்க பங்கையும் சேத்து உள்ள இருக்கறவன் பாத்துக்கணும். நீ எழுந்து போன. நான் லிஸ்ட்டுக்காக உக்காந்துகினு இருக்கேன்னு நீ நெனைச்சிகினு இருக்க. அம்மாவுக்காகத்தான் உக்காந்துகினு இருக்கேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நேரம் என்ன ஆகிறது என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னான். பின்னால் ஒரு ஆட்டோ போன சத்தம் கேட்டது. சரிக்கா, அம்மா தேடும் என்று வைத்துவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. பாத்திரம் கழுவப் போனேன். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர்தான் சொன்னார்.

6

நான் அம்மாவுக்கு ஒன்றும் செய்யாமல் இல்லை. அதுதான் வேதனை. வாரா வாரம் பேசுகிறேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாலு வாரம் போய் இருக்கிறேன். மருந்து மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், மிக்ஸியும் ஃபேனும் மாற்றிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என் பங்கைச் சரியாகக் கட்டியிருக்கிறேன். எந்தச் சுற்றிலும் அதற்கு மேல் ஏற்றியதில்லை. குமாருக்கு நடத்திய பாடம் எனக்குத்தான் பொருத்தம்.

ஒரே ஒருமுறை அம்மாவை இங்கே அழைத்துவர முயன்றோம். சென்னையில் விசா நேர்காணலுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று பத்து நாள் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டிருக்கிறார். ஆறு மாதம் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவோ, பெற்ற பெண் வீட்டில் நாள் குறித்துக்கொண்டா இருப்பார்கள், அவள் போகச் சொல்லும்வரை இருப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். விசா இல்லை என்று பாஸ்போர்ட்டைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அம்மா சொன்னதுதான் மரியாதையான பதில்.

திங்கட்கிழமை காலை என் மேலாளரிடம் போய் மூன்று மாதம் விடுப்பு வேண்டும் என்றேன். நான் ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்தால் குமார் அந்த மூன்று மாதமும் ஒடிஷாவில் வேலை பார்க்கலாம். பிடித்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். குடும்பத்தாரைக் கவனிக்க விடுப்பு உண்டு, ஆனால் படிவத்தில் மருத்துவர் நோயின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு என்ன நோய் என்று கேட்டார். நோய் எதுவும் இல்லை, எழுபத்து மூன்று வயது என்றேன். அது நோயில் சேராது என்றார். அப்படியானால் சம்பளம் இல்லாத விடுப்பு. எட்டு வாரம் வரை என் இடத்தைப் பிடித்துவைக்க முடியும், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது, திரும்பி வரும்போது பகல் வேலை இருக்காது, விடிகாலை நாலு மணி வேலைதான் இருக்கும் என்றார். ஒரு நாள் யோசித்துச் சொல் என்றார். யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று மாலையே பயணச்சீட்டும் வாங்கிவிட்டேன். எட்டு வாரம் என்று குமாருக்குச் செய்தி அனுப்பினேன். அவன் பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

புதன்கிழமை யாழினியைக் கூப்பிட்டு, எட்டு வாரம் ஊரில் இருக்கப் போகிறேன் என்றேன். அவள் இப்போதெல்லாம் என்னோடு பேசும்போது தமிழில் ஆரம்பிப்பாள், இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். நான் தமிழிலேயே பேசுவேன், இருவரும் அவரவர் பாதையில் போய்க்கொண்டிருப்போம். கதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் அதிசயமாகத் தமிழிலேயே ஒன்று கேட்டாள்.

“பாட்டி என்ன சொன்னாங்க?”

எதைப் பற்றி என்றேன். எதைப் பற்றியும்தான் அம்மா, மாமா போறதைப் பற்றி, நீ வர்றதைப் பற்றி, அவங்களுக்கு இது ஓகேயா என்றாள். பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது, சொன்னால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளும் என்றேன்.  வகுப்பு இருக்கிறது என்று யாழினி வைத்துவிட்டாள். தூரமாகப் போய்விட்டாள் என்று நான் குறைபட்டுக்கொள்கிற பெண், எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

7

வெள்ளிக்கிழமை குமார் ஒடிஷாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். அந்த முடிவை எடுத்தது நானும் இல்லை, அவனும் இல்லை.

வியாழக்கிழமை நான் கூப்பிட்டபோது அம்மா தனியாகத்தான் இருந்தாள். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அலைபேசியை எதிலோ சாய்த்து வைத்திருந்ததால் பாதி முகமும் முறமும் தெரிந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

“ஏண்டி, நீயும் குமாரும் என்னை நடுவுல வெச்சிகினு நாலு நாளா என்னாடி பேசிகினு இருக்கீங்க?”

குமார் தெருவில் நின்று பேசினால் தெருவுக்கே கேட்கும் என்பது எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலு மாசமாகவே தெரியும். அந்தச் சூப்பர்வைசர் முதல் தடவை கூப்பிட்டபோதே குமார் குளித்துக்கொண்டிருந்ததால் அம்மாதான் போனை எடுத்திருக்கிறாள். பையன் வருவான், அவனாகச் சொல்லட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியும் வைத்திருக்கிறாள். அவன் எப்போது வாயைத் திறப்பான் என்று நாலு மாசம் காத்திருந்திருக்கிறாள். மேட்டுத் தெருவில் இருக்கும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வாடகைக்கு அறை கேட்க, குமார் அறை காலியானால் உனக்குத்தான் என்று அவளுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் குமாரிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாளாம்: எனக்காக உட்கார்ந்திருப்பதாக இருந்தால் எழுந்து போ.

நானும் குமாரும் நாலு நாளாக அம்மாவை, மேஜை நடுவில் குவிந்து கிடக்கிற சில்லுக் குவியல் மாதிரி வைத்தே பேசியிருக்கிறோம். யார் எடுத்துக்கொள்வது, யார் விட்டுவிட்டுப் போவது என்பதுதான் எங்கள் பேச்சு முழுக்க. அம்மா கையிலும் சீட்டு இருக்கும், அவளும் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் மூவரில் நாலு மாசமாகத் தெளிவாக ஆடியது அவள் ஒருத்திதான்.

பயணச்சீட்டு வாங்கிவிட்டதைச் சொன்னேன். வாங்கிவிட்டாய் இல்லையா, வா என்றாள். எனக்குக் காவல் இருப்பதற்காக வராதே, வருகிறதாக இருந்தால் சும்மா வா என்றாள். டீச்சர் முன்னறையில் இருப்பாள், நீ என்னோடு கூடத்தில் படுத்துக்கொள் என்று இடத்தையும் முடிவு செய்தாள். குமாரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவன் போகிற இடத்தில் யாராவது ஒருத்தி கிடைத்தால் கட்டிக்கொள்ளட்டும், எந்தப் பாஷை பேசினாலும் பரவாயில்லை என்றாள்.

பேசி முடிக்கும் நேரத்தில்தான் நான் அதைக் கேட்டேன். அவன் போய், நானும் எட்டு வாரத்தில் திரும்பிவிட்டால், டீச்சரும் லீவுக்கு ஊருக்குப் போகிற நாளில் நீ மட்டும்தானே இருப்பாய், ராத்திரியில் பயமாக இருக்காதா என்று கேட்டேன். அம்மா மொச்சையை உரிப்பதை நிறுத்தவில்லை.

“பயமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போவுது. மூணு வாரத்துக்கு ஒரு வாரம் உங்கப்பா நைட் ஷிப்ட் போவாரு. முப்பது வருஷம் போனாரு. அந்த வாரமெல்லாம் கதவுகிட்ட உக்காந்துகினு முழிச்சிகினுதான் இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் தூங்கிகினு இருப்பீங்க, உங்களுக்கு எங்க தெரியும்.”

தெரியாதுதான். காலையில் எழுந்தால் அம்மா தலை வாரிப் பூ வைத்து, எங்களுக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் அந்த வாரங்களில் தூங்கியதே இல்லை என்பது எனக்கு ஐம்பது வயதில், அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.